ஒரு பாவில் மூன்று புடவை

சென்ற வாரம் செய்தி வாசிப்புப் பயிற்சி வகுப்பு முடிந்ததும் உங்களில் ஒரு பெண் தனியாக வந்து கேட்டாள். "கேமரா முன்னாடி பயம் வராம இருக்க என்ன பண்ணணும் மேடம்?" தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குக் கேமராவிடம் பயம் இருந்ததே கிடையாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம்தான் பயம். அந்தப் பயத்துக்குச் சரியான பெயர் பொறாமை. அது என்னை என்ன செய்ய வைத்தது என்பதை வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

நான் செய்தி வாசிக்க வந்தது திருவிழா மைக் வழியாக. ஆடி மாதக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தைகளைப் பற்றி அறிவிக்க ஒரு பெண் குரல் வேண்டும் என்று கேட்டார்கள். பி.ஏ. முடித்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருந்தேன். "சிவப்புக் கவுன் போட்ட, பெயர் சொல்லத் தெரியாத மூன்று வயதுக் குழந்தை மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறாள், பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும்" என்று பதற்றமில்லாமல் சொல்வேன். குழந்தை யாருடையது என்று எனக்கே தெரிந்திருந்தாலும், பெற்றவர்கள் வந்து கையைப் பிடிக்கும் வரை பெயரைச் சொன்னதில்லை. அதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பிற்பாடு எப்படி மறந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

ஆரணியில் பாதி வீடுகளுக்குக் கேபிள் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். "லோக்கல் நியூஸ் ஆரம்பிக்கிறேம்மா. நீ படிக்கிறியா?" என்றார். அரிசிக் கடை மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்கச் சாக்கு அடித்து, நீலத் துணி தொங்கவிட்டிருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் பவர்லூம் ஓடும். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் ஜன்னலில் நின்று கை தட்டுவார். தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். அந்த அமைதியில் பதினைந்து நிமிடம் நேரலையாக வாசிப்பேன். நாளடைவில், அந்தத் தெருவில் தறிச் சத்தம் நின்றால் செய்தி நேரம் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்காக ஒரு தெரு வாயை மூடிக்கொள்கிறது என்று அந்த வயதில் ஒரு கர்வம் இருந்தது.

அப்புறம் புடவை. ஒரு பட்டுக் கடைக்காரர் தினமும் ஒரு புடவை கொடுத்தனுப்புவார். செய்தி முடியும்போது கடையின் பெயர் திரையில் வரும். மறுநாள் காலையில் புடவை கடைக்குத் திரும்பிவிட வேண்டும். விற்க வேண்டிய சரக்கு அது. அதனால் மடிப்புக் கலையக் கூடாது, ஊக்கு குத்தக் கூடாது, வியர்வை படக் கூடாது. என் அப்பா பட்டு நெய்கிறவர். பட்டை எப்படித் தொடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தியை மட்டும் பிரித்து, பழைய புடவையின் மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இடுப்புக்குக் கீழே கேமரா வராது.

காலையில் கடைக்குப் பெண்கள் வந்து, "நேத்து நியூஸ்ல அந்தப் பொண்ணு கட்டிகினு இருந்துச்சே, அத்தக் காட்டுங்க" என்பார்கள். நல்லா வாசித்தாயா என்று யாரும் எனக்கு மதிப்பெண் போட்டதில்லை. புடவை விற்றதா என்பதுதான் மதிப்பெண். ஆறேழு வருடம் எனக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது.

அப்புறம் வளர்மதி வந்தாள்.

சேத்துப்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். என்னைவிட எட்டு வயது சின்னவள். முதல் நாள் கடையிலிருந்து வந்த புடவையைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் முந்தி என்று தெரியாமல் பிரித்துக்கொண்டிருந்தாள். "குடு இப்படி. கசக்கிடப் போற. உங்க வீட்ல பட்டு இருக்கா?" என்றேன்.

"இல்லக்கா. இப்பதான் கையிலயே தொடறேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. குத்தலாகத்தான் கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு. மற்ற நாள்கள் எனக்கு. அவள் குரல் என் குரலைவிடக் கனம் குறைவு. ஆனால் அவள் வாசித்தால், எதிரில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருக்கும். நெல் விலையை வாசித்தால் அந்த விலையில் அவளுக்கும் பங்கு இருப்பது தெரியும். நான் வாசித்தால் செய்தி. அவள் வாசித்தால் சேதி. இரண்டே மாதத்தில் அவள் கட்டிய புடவைகள் மறுநாள் பத்து மணிக்குள் விற்றுப்போயின. என்னுடையவை மடிப்புக் கலையாமல் அலமாரிக்குத் திரும்பின. கடைக்காரர் ஒருநாள் என்னிடமே, "ஹேமாம்மா, இந்த வாடாமல்லிக் கலர வளர்மதிக்குப் போட்டுப் பாக்கலாங்களா? உங்களுக்கு ரெண்டு தபா போட்டும் நவுரல" என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினேன்.

இதைவிட மோசம் வீட்டிலேயே நடந்தது. என் மகள் நிவேதா அப்போது மூன்றாம் வகுப்பு. நோட்டுப் புத்தகத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, "வணக்கம், ஆரணி மக்களே" என்று வாசித்து விளையாடினாள். அது வளர்மதியின் வணக்கம். நான் வெறும் வணக்கம் மட்டும் சொல்வேன். "ஏன் அம்மா மாதிரி சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன்.

"நீ சொன்னா ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்குதும்மா."

குழந்தை. அதற்கு மனதில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வளர்மதி வாசிக்கிற நாள்களில் ஏழு மணிக்கு டிவியை நிறுத்திவிட ஆரம்பித்தேன். படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்று கணவரிடம் காரணம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் நிவேதா போட்டுவிட்டாள். "ம்மா, ஜல்தி வா. தாத்தா புடவ. அந்த அக்கா தாத்தா புடவ கட்டிகினு இருக்காங்க" என்று கத்தினாள். திரையைப் பார்க்காமலே போய் சுவிட்சை அணைத்தேன். "தாத்தா புடவையுமில்ல, ஒண்ணுமில்ல. போய்க் கணக்குப் போடு."

அந்த ஒரு நொடி நான் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

கோடை விடுமுறை நடுவில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் நல்ல செய்தியாக இருக்காது.

"ஸ்கூல் தொறந்ததும் ஏழு மணி மொத்தமும் வளர்மதி பண்ணட்டும் ஹேமா. நீ காலைல பொறந்தநாள் வாழ்த்து பண்ணு. குழந்தைங்களுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்."

"என் மேல எதனா புகாராண்ணா?"

"சீச்சீ, புகார்லாம் இல்ல. ஊர் அவளக் கேக்குது. நான் இன்னா பண்றது? பேஜார் பண்ணாதம்மா."

பள்ளி திறக்கப் பதினைந்து நாள் இருந்தது. அந்தப் பதினைந்து நாளுக்குள், வளர்மதியால் முடியாத ஒன்றைச் செய்து காட்டிவிட்டால் ஏழு மணி நாற்காலி என்னிடமே இருக்கும் என்று நினைத்தேன். தூங்கும்போதும் அதே நினைப்பு.

ஒரு புதன்கிழமை. முகூர்த்த நாள். என்னுடைய முறை. ஏழு மணி மொத்தமும் அவளுக்கு வரப்போவதால் வளர்மதியும் அன்று வந்திருந்தாள். மாலை நான்கு மணிக்குப் போளூர் சாலையில் ஒரு தனியார் பேருந்து கவிழ்ந்தது. பலருக்கு அடி. ஓர் இளம்பெண் அங்கேயே இறந்துவிட்டாள். யார் என்று தெரியவில்லை. எங்களுக்குப் படம் பிடித்துக் கொடுக்கும் செல்வம் ஆறரை மணிக்குக் கேசட்டோடு மாடியேறி வந்தான். அண்ணன் ஓடவிட்டார். நானும் வளர்மதியும் பின்னால் நின்று பார்த்தோம்.

ஸ்ட்ரெச்சரில் ஓர் உருவம். முகத்தை மூடியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே புடவை தொங்கியது. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. கரையும் புடவையின் உடலும் சேருகிற இடத்தில் கடுகு நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு.

"அண்ணா, நிறுத்துங்க" என்றேன்.

அந்தக் கோடு என் அப்பாவுடையது. வேறு பாவில் மிஞ்சிய கடுகு நிறப் பட்டு நூலை வீணாக்க மனமில்லாமல் கரையோரம் ஓடவிட்டிருந்தார். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் கௌரிக்கு, தை மாதம் நடந்த கல்யாணத்துக்காக நெய்தது. கௌரியைப் போளூரில் கொடுத்திருந்தார்கள். வாரம் ஒருமுறையாவது பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். முகூர்த்த நாள், போளூர் பஸ், அப்பா நெய்த புடவை. மூன்றும் என் தலைக்குள் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

"இது யாருன்னு எனக்குத் தெரியும்ணா" என்றேன். சொல்லும்போது என் குரலில் துக்கம் இருந்தது. துக்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இந்த ஊரில் இந்தச் செய்தியை என்னால் மட்டும்தான் சொல்ல முடியும் என்கிற சந்தோஷம். பக்கத்தில் நிற்கிறவளால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது.

"கௌரி. எங்க தெருப் பொண்ணு. இது எங்கப்பா நெய்த புடவ."

அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "அவங்க வீட்ல சொல்லிட்டாங்களா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து சொல்லியிருப்பாங்க."

"ஆஸ்பத்திரில யாரும் இன்னும் பேர் சொல்லல. நான் இப்பதான வந்தேன்" என்றான் செல்வம்.

வளர்மதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, இதே மாதிரி இன்னொண்ணு இருக்காதாக்கா? நான் ஒரு சனிக்கிழம…"

"உனக்குப் பட்டப் பத்தி இன்னா தெரியும்?" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் ஜன்னலுக்குப் போய்க் கை தட்டினார். தறிகள் நிற்க ஆரம்பித்தன.

ஒன்றைச் சொல்கிறேன். தறியில் நெடுக்காக ஏற்றுகிற பாவு நூலை ஒரு புடவைக்கு மட்டும் போடுவதில்லை. ஒரு பாவில் மூன்று புடவை வரும். எங்கள் தெருவில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். பாவில் ஓடுகிற கோடு மூன்று புடவையிலும்தான் ஓடும். இது எனக்கு அந்த நிமிடமும் தெரிந்தே இருந்தது. மற்ற இரண்டும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருக்கும், இந்தச் சாலையில் எங்கே வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா வீடு ஐந்து நிமிட நடை. கௌரி வீட்டுக்கு எதிரில் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. கேசட்டைப் பார்த்து முடித்தபோது கையில் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் அந்த நேரத்தில் தலை வாரி, முந்தியைச் சரிசெய்துகொண்டேன்.

ஏழு மணிக்கு வாசித்தேன். "விபத்தில் உயிரிழந்த பெண், ஆரணியைச் சேர்ந்த கௌரி எனத் தெரியவந்துள்ளது." நிதானமாக, கண்ணை உயர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தி வாசித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எதையும் வாசித்ததில்லை. இன்றைக்கும் என்னை உலுக்குவது அதுதான்.

செய்தி முடிந்து பத்து நிமிடம் இருக்கும். டெலிபோன் அடித்தது. அண்ணன் எடுத்தார். எதிர்முனையில் கத்தியது எனக்கே கேட்டது. போளூரிலிருந்து கௌரியின் கணவர். ஆரணியிலிருந்து யாரோ அவர் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

"கௌரி இங்க அடுப்படில சோறு வடிச்சிகினு இருக்கா. யாருங்க செத்துட்டான்னு சொன்னது? எங்க மாமியார் ஆஸ்பத்திரிக்கு ஓடிகினு இருக்காங்களாம். எவன்யா சொன்னது?"

அண்ணன் ரிசீவரை வைக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

"அக்கா, வாங்க" என்றாள் வளர்மதி. "அந்தம்மா துணியத் தூக்கறதுக்கு முன்னாடி போயிடலாம்."

செல்வத்தின் வண்டியில் மூன்று பேரும் ஏறிப் போனோம். வழியில் அவள் என் காதருகே சொன்னாள். "அத்தத்தான்க்கா சொல்ல வந்தேன். பங்குனில ஒரு சனிக்கிழம கடையிலேர்ந்து அதே புடவதான் எனக்கு வந்துச்சு. அந்தக் கோட்ட நான் பாத்தேன். அடுத்த நாளே வித்துடுச்சுன்னு சொன்னாங்க."

பங்குனி மாதச் சனிக்கிழமை. தாத்தா புடவை என்று என் மகள் கத்தியதும், நான் திரும்பிப் பார்க்காமல் சுவிட்சை அணைத்ததும் அந்தச் சனிக்கிழமைதான்.

நாங்கள் போனபோது கௌரியின் அம்மா எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டிருந்தார். தெருவில் நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வராந்தா ஓரத்தில், கட்டம் போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். ஊழியர் துணியை விலக்கினார். அத்தை குனிந்து பார்த்தார்.

பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "என் பொண்ணு இல்ல. என் பொண்ணு இல்லடி. வேற யாரோ" என்று பக்கத்திலிருந்த பெண்ணின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினார். கும்பிட்டார். மறுபடியும் சிரித்தார். அந்தத் துண்டு போட்ட மனிதர் மெதுவாக முன்னால் வந்து, அத்தையை ஓரமாக நகரச் சொல்லி, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றார். விலக்கிய துணியை அவரே இழுத்து மூடினார். அப்போதுதான் அத்தைக்கு அவர் யார் என்று புரிந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் வளர்மதியைப் பார்த்தார். "நீ டிவில நியூஸ் படிக்கிற பொண்ணு தான?"

"ஆமாங்க ஐயா."

"எம்பொண்ணு வேலைக்குப் போயி மொத சம்பளத்துல இந்தப் புடவய வாங்குச்சிம்மா. நீ கட்டிகினு இருந்தியாம். கடைல போயி இதுதான் வேணும்னு நின்னுச்சி. கூட வேல பாக்கற பொண்ணு கல்யாணத்துக்குன்னு இன்னிக்குத்தான் மொதல் தபா கட்டுச்சி."

வளர்மதி அவரைக் கும்பிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். அந்த இடத்திலும், அந்த நேரத்திலும், அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார், என்னைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் மனதில் ஒரு சின்ன முள்ளாகக் குத்தியது. பொறாமை வெட்கம் பார்க்காது. பிணத்துக்குப் பக்கத்திலும் வந்து நிற்கும்.

வளர்மதி அவருக்கு இன்னும் கிட்டே போனாள். "ஐயா, பேர் தப்பா சொல்லிட்டோம். அத மாத்திச் சொல்லணும். உங்க பொண்ணு பேர நாங்க சொல்லலாங்களா, வேணாங்களா?"

"ஊர்ல அவங்கம்மா இருக்குது. உடம்பு சொகமில்லாதது. நான் போயிச் சொல்ற வரைக்கும் சொல்லாதம்மா. டிவியப் பாத்து அது தெரிஞ்சிக்க வேணாம்."

"சரிங்க ஐயா."

இவ்வளவுதான். செய்யத் தெரிந்தவளுக்கு ஒரு நிமிட வேலை. நான் ஏழு மணிக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வாசலில் அத்தை என் கையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஒரு மணி நேரம் எம்பொண்ணு செத்துட்டா ஹேமா. அதக்கூட விடு, அவதான் இருக்காளே. நான் உள்ள சிரிச்சேன். அந்தாளு பாத்துகினு இருந்தாரு. அந்தச் சிரிப்ப நான் எங்கடி கொண்டுபோயி வைப்பேன்?"

அத்தை என் கையை விட்டுவிட்டுத் தெருப் பக்கம் நடந்தார்.

மாடிக்குத் திரும்பும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. அண்ணன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். "தவறுதலாக வெளியான செய்திக்கு வருந்துகிறோம்." இதைத் திரைக்குக் கீழே எழுத்தாக ஓடவிடலாம் என்றார். நான் உடனே சரி என்றேன்.

"எழுத்தா ஓடினா எத்தன பேர் படிப்பாங்கண்ணா? நாக்கால சொன்னத நாக்காலதான் எடுக்கணும்" என்றாள் வளர்மதி.

"அப்ப நீ வாசி" என்றேன். "உன்னத்தான் ஊர் நம்புது."

அதுவரை அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. "நீங்க சொன்னது அக்கா. நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்கு நீங்க எப்படி அந்தத் தெருவுல நடப்பீங்க?"

நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். அண்ணன் பட்டுப் புடவையை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லி, கட்டியிருந்த பழைய புடவையோடு உட்கார்ந்தேன். அவர் ஜன்னலில் கை தட்டினார். ஏழு மணிக்கு மட்டும் நிற்கும் தறிகள், அன்று இரண்டாவது முறையாக நின்றன. காகிதம் இல்லாமல் பேசினேன். கௌரி உயிரோடு, நலமாக இருக்கிறார் என்று முதலில் சொன்னேன். யாரும் அப்படி எனக்குச் சொல்லவில்லை, யாரையும் கேட்காமல் ஒரு புடவையைப் பார்த்து நானாக முடிவு செய்தேன் என்று சொன்னேன். இறந்த பெண்ணின் பெயரை, அவர் குடும்பத்தினர் அனுமதித்த பிறகே அறிவிப்போம் என்று சொன்னேன். கைகூப்பி முடித்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மறுநாள் காலை அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "மூணு புடவைன்னு உனக்குத் தெரியாதா?" தெரியும் என்றேன். அவர் தறிக்குப் போய்விட்டார்.

பள்ளி திறந்ததும் ஏழு மணி வளர்மதிக்குப் போனது. நான் பிறந்தநாள் வாழ்த்து சொன்னேன். பிறகு வாசிப்பதை விட்டுவிட்டு, வருகிற செய்திகளைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்து, அதிலேயே இத்தனை வருடம் ஓட்டினேன். பெயர் எழுதிய ஒவ்வொரு தாளிலும், இதை யார் சொன்னார்கள் என்று ஓரத்தில் எழுதாமல் அனுப்ப மாட்டேன். பலர் என்னை முசுடு என்று பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். கௌரி அந்தப் புடவையை அதற்குப் பிறகு கட்டி நான் பார்க்கவில்லை. கல்யாண வீடுகளில் என் கண் அவள் புடவையைத் தேடாமல் இருந்ததில்லை.

வளர்மதி நான்கு வருடத்தில் சென்னைக்குப் போனாள். பெரிய சேனல். பெரிய பதவி. ஊரில் அவளைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், நானும் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வேன். மனமறிந்துதான் சொல்கிறேன், அத்தனையும் உண்மை. ஆனாலும் உள்ளே அந்தப் பழைய எரிச்சல் ஒருமுறை புரண்டு படுக்கும். வயதானால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. என் மகளும் அதே தொழிலுக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்துச் சென்னைக்குப் போய், அதே சேனலில் சேர்ந்தாள். அவள் வாசிக்கிற ஒவ்வொரு நாளும், அவள் வாயிலிருந்து யாருடைய பெயராவது வரும்போதெல்லாம், கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

நான்கு நாளைக்கு முன் இதே மாதிரி ஒரு பேருந்து விபத்து. நிவேதாவின் முறை. நான் டிவிக்கு முன்னால் எழுந்தே நின்றுவிட்டேன். திரையில் ஒரு பெண்ணின் கைப்பையையும் செருப்பையும் காட்டினார்கள். என் மகள் கண்ணை உயர்த்தி, "உயிரிழந்தவரின் பெயர், குடும்பத்தினருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்ட பிறகு அறிவிக்கப்படும்" என்று சொன்னாள். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

வாசித்து முடித்து அவள் போன் செய்தாள். "பாத்தியாம்மா?"

"பாத்தேன். நல்லா சொன்ன. பேர் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு. நாலு சேனல்ல போட்டுட்டாங்க. எங்க மேடம்தான் விடல. வீட்ல சொல்லிட்டாங்கன்னு ஒருத்தர் போன்ல சொல்ற வரைக்கும் பேர் போகாதுன்னுட்டாங்க. அவங்க எப்பவுமே அப்படித்தாம்மா. யார்கிட்ட கத்துகிட்டீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். ஆரணில ஒரு அக்காகிட்டன்னு சொன்னாங்க. அது யாரும்மா? நீயா?"

அந்தப் புதன்கிழமையைப் பற்றி நான் அவளிடம் பேசியதே இல்லை. எந்த அக்கா, எந்தப் பாடம் என்று வளர்மதியும் அவளிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது. இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். நான் வாசித்ததைவிட நன்றாக வாசித்தவள், நான் கேட்காததைக் கேட்டவள், இதிலும் என்னைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டாள்.

"சொல்றேன். எழுதிகினு இருக்கேன், அனுப்பறேன், படி" என்று போனை வைத்தேன்.

திரையில் அடுத்த நிகழ்ச்சி ஆரம்பித்தது. வளர்மதி யாரோ ஓர் அதிகாரியைப் பேட்டி காண உட்கார்ந்திருந்தாள். தலையை லேசாகச் சாய்த்து வணக்கம் சொன்னாள். என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. எடுத்தேன், கையில் வைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை. கடைசி வரை பார்த்தேன். நன்றாகத்தான் கேள்வி கேட்கிறாள்.